கதைப் படத் தொகுப்புக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் பாலர் பள்ளித் தமிழாசிரியர்கள் சிலர் சேர்ந்து, கதை சொல்லப் படங்களை வரைந்து ஒரே இடத்தில் சேர்த்து வருகிறோம். சக ஆசிரியர்கள் எந்தக் கதைக்கும் அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் படங்களில் ஓட்டு வீடும் மாட்டு வண்டியும்தான் அதிகம். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், தேக்கா சந்தை, எம்ஆர்டி ரயில். அவர்கள் பார்த்த இடம் கதையில் வந்தால் தானாகவே பேச ஆரம்பிக்கிறார்கள்!

இப்போதைக்கு ஒரு பாட்டி தயார். கண், புருவம், வாய், கை எல்லாம் தனித்தனி லேயர், அதாவது தனியே மாற்றக்கூடிய அடுக்கு. புருவத்தையும் வாயையும் மாற்றினால் சிரித்த பாட்டி கோபப் பாட்டி ஆகிவிடுவார். எஸ்விஜி என்ற படக் கோப்பு வகை என்பதால் வகுப்பறைத் திரை அளவுக்குப் பெரிதாக்கினாலும் கோடுகள் சிதறாது.

அடுத்து தாத்தா, பிள்ளைகள், உணவங்காடிக் கடைக்காரர் வேண்டும். அதே கோட்டுத் தடிமனிலும் வண்ணங்களிலும் வரையக்கூடியவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம் உரிமம். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால், கட்டணம் வாங்கி டியூஷன் நடத்தும் ஆசிரியர்கள் தயங்குவார்களோ என்று கவலையாக இருக்கிறது. எனக்கு எல்லோருக்கும் திறந்துவிடத்தான் ஆசை. இதில் அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.