கப்பல் 33,000 டன், இறக்கியது 55,000 டன்: எப்படி?

நாகூர்:
காரைக்காலில் நிலக்கரிக் கப்பல். பதிவுத் தாளில் ஜிடி (கிராஸ் டன்னேஜ்) 33,000, பில்லில் 55,000 டன். தாளை விரலால் தட்டித் தட்டி, "கப்பலே இவ்வளவுதான், சரக்கு எங்கிருந்து வந்தது?" என்று சத்தம் போட்டார் சரக்கு எடுக்க வந்தவர். பக்கத்தில் நின்ற யாரும் பதில் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

திருத்துறைப்பூண்டி:
ஜிடி எடையே இல்லை, கொள்ளளவு. 12 மரக்கால் ஒரு கலம் என்று நெல் அளந்த ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா? கலம் தராசுக் கணக்கா என்ன? டன் என்ற சொல்லும் திராட்சை மதுப் பீப்பாயிலிருந்து வந்ததுதான். ஜிடி என்றால் கப்பலின் உள் இடம், கன மீட்டரில்.

தரங்கை:
கன மீட்டர் என்பது தப்பு. ஜிடிக்கு அலகே கிடையாது. மூடிய இடங்களின் மொத்தக் கன மீட்டரை, 0.2 + 0.02 × அதன் மடக்கை (log, அடிமானம் 10) என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 1,10,000 கன மீட்டருக்கு 33,000 சொச்சம் வரும். 1969 உடன்படிக்கை, 1982இல் அமலானது. 100 கன அடி ஒரு டன் என்பது அதற்கு முந்தைய கணக்கு. சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்துக் கப்பல் தாங்கும் எடை டெட்வெயிட். இந்த ரகக் கப்பலுக்கு அது 57,000 அளவில் இருக்கும்.

பில் எடையில் சந்தேகம் என்றால் டிராஃப்ட் சர்வே தாளைக் கேளுங்கள்; கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து எடை போடும் கணக்கு அது. கப்பலின் வெளிப்பக்கத்தில் எழுதிய ஆழ எண்களை முன், நடு, பின் என்று இரண்டு பக்கமும் ஆறு இடம் படிக்க வேண்டும். எண்ணின் உயரம் 10 செ.மீ, அடிவிளிம்புதான் அளவு. அலை ஏறி இறங்கும்போது அவசரப்பட்டுப் படித்தால் போச்சு, 1 செ.மீ.க்கே 58 டன் போல மாறும். இரு பக்கச் சராசரி எடுத்து, முன்னும் பின்னும் ஒவ்வொரு பங்கு, நடு ஆறு பங்கு, கூட்டி 8ஆல் வகுக்கணும். பாரத்தில் கப்பல் நடுவில் தொய்யும், சில நேரம் மேலே வளையும். சாதாரணச் சராசரி அதைக் காட்டாது. இறக்கி முடித்ததும் மறுபடி படித்து, பாலஸ்ட் தண்ணீர் (கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் தண்ணீர்), எண்ணெய் வித்தியாசம் கழித்தால் சரக்கு எடை.

காரைக்கால்:
ஐப்பசி, கார்த்திகையில் அரசலாற்று வெள்ளம் கடலில் கலக்கும்போது உப்பு குறையும், இதையும் சேருங்கள். அமிழ்ந்த ஆழத்துக்கு எடை சொல்லும் கப்பலின் அட்டவணை, 1.025 அடர்த்தியுள்ள கடல் தண்ணீருக்குப் போட்டது. கப்பலும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்து 68,000 டன் என்று அது காட்டும் இடத்தில் தண்ணீர் உண்மையில் 1.015 என்றால் 663 டன் குறைக்க வேண்டும். 25 டன் லாரியில் 26 லோடு! மேல்தண்ணீரை மட்டும் வாளியில் மொள்ளாமல், கப்பல் அமிழ்ந்திருக்கும் ஆழம் வரை மூன்று மட்டத்தில் எடுத்து, அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் போடச் சொல்லுங்கள்.