செட்டிநாடு வட்டார 20 ஓவர் தொடர்: ப்ளே-ஆஃப் விதிகளை எப்படி எழுதுவது?

கோட்டையூர் கமிட்டி:

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் 8 அணிகளை வைத்து 20 ஓவர் தொடர் நடத்துகிறோம். லெதர் பந்து, மேட் விக்கெட் (மண் மேல் விரிப்புப் போட்ட பிட்ச்). 'அ' பிரிவில் 4, 'ஆ' பிரிவில் 4. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் 6 அணிகள், ராயவரம், பொன்னமராவதி பக்கம் 2 அணிகள். பிரிவுக்குள் ஒருவரோடு ஒருவர் ஒருமுறை மோதினால் அணிக்கு 3 ஆட்டம், மொத்தம் 12 லீக் ஆட்டம். ஆவணி, புரட்டாசி ஞாயிறுகளில் இது முடிந்துவிடும். ப்ளே-ஆஃப் (லீக்குக்குப் பிந்தைய தகுதி ஆட்டங்களும் இறுதியும்) ஐப்பசியில் வருகிறது.

நோட்டீஸில் இப்போதைக்கு "நடுவர் தீர்ப்பே இறுதியானது, கமிட்டிக்கு முழு அதிகாரம் உண்டு" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. இது போதாது என்று எல்லாருக்கும் தெரியும். அரையிறுதி வைப்பதா, ஐ.பி.எல். மாதிரி குவாலிஃபையர் வைப்பதா? புள்ளி சமமானால் யார் மேலே? மழை வந்தால் என்ன செய்வது? ப்ளே-ஆஃபுக்கு மட்டும் வெளியூர் ஆளை இறக்குவதை எப்படித் தடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது ஸ்லிப்:

முதல் கேள்விக்கு: அரையிறுதியே போதும். அ1 – ஆ2, ஆ1 – அ2, அதற்குப் பிறகு இறுதி. குவாலிஃபையர், எலிமினேட்டர் முறையை ஐ.பி.எல். 2011-ல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மூன்று சீசனிலும் அரையிறுதிதான். அதில் முதல் இரண்டு இடக்காரர்கள் முதல் குவாலிஃபையரில் மோதுவார்கள், வென்றவர் நேராக இறுதிக்கு. மூன்றும் நான்கும் எலிமினேட்டரில் மோதும், வென்றவர் முதல் குவாலிஃபையரில் தோற்றவரோடு இரண்டாம் குவாலிஃபையர் ஆடுவார். அந்த முறையில் முதல் இரண்டு இடக்காரர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும், நியாயமான முறைதான். ஆனால் முதல் நான்கு இடங்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த முடிந்தால்தான் அது சரிவரும். உங்களுக்கு இரண்டு பிரிவு. 'அ'வின் இரண்டாம் அணியையும் 'ஆ'வின் இரண்டாம் அணியையும் ரன் ரேட்டை வைத்து ஒப்பிட்டால் பொருளே இல்லை, எதிராளிகளே வேறு.

நாள் கணக்கும் இடிக்கும். குவாலிஃபையர் முறைக்கு 4 ஆட்டம். இரண்டே ஞாயிறில் முடிக்கப் பார்த்தால் ஒரு அணி காலையில் இரண்டாம் குவாலிஃபையர் ஆடிவிட்டு மதியம் இறுதி ஆட வேண்டியிருக்கும். காத்திருக்கும் அணிக்குக் கோப்பையைக் கையில் கொடுத்த மாதிரிதான்.

இரண்டு அரையிறுதியையும் ஒரே மைதானத்தில் காலை, மதியம் என்று போடாதீர்கள். ஐப்பசியில் மதியத்துக்கு மேல்தான் வானம் கறுக்கும், இரண்டாவது ஆட்டக்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். இரண்டு மைதானம், இரண்டும் காலை 8 மணி. கண்மாய்க்குள் இருக்கும் மைதானத்தை லீக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐப்பசியில் அங்கே தண்ணீர் நிற்கும். மேட்டுச் செம்மண் மைதானமாகப் பாருங்கள், மழை விட்டதும் சீக்கிரம் வடியும். தீபாவளியை ஒட்டிய ஞாயிறு வேண்டாம், பதினொரு பேர் சேர மாட்டார்கள்.

ஸ்கோர் நோட்டு:

புள்ளி சமமானால் என்ன வரிசை என்பதை லீக்கின் முதல் பந்துக்கு முன்னால் எழுத வேண்டும். என் பரிந்துரை: மொத்தப் புள்ளி, வெற்றி எண்ணிக்கை, நேருக்கு நேர் மோதிய ஆட்டம், நிகர ரன் ரேட் (ஓவருக்கு எடுத்த ரன்னில் ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தது), கடைசியாகத் திருவுளச்சீட்டு. நேருக்கு நேர் என்பது இரண்டு அணி சமமாகும்போது மட்டும். மூன்று அணி ஒன்றையொன்று சுற்றி வென்றிருந்தால் நேராக ரன் ரேட்டுக்குப் போய்விட வேண்டும். இதைத் தனி வரியாகவே எழுதுங்கள், 4 அணிப் பிரிவில் அடிக்கடி வரும்.

ரன் ரேட்டில்தான் பெரும்பாலான கமிட்டிகள் தப்புப் போடுகின்றன. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு அணியின் மூன்று ஆட்டம்:

முதல் ஆட்டம்: 20 ஓவரில் 142. எதிரணி 16.2 ஓவரில் 118-க்கு ஆல் அவுட்.
இரண்டாவது: எதிரணி 20 ஓவரில் 97. இவர்கள் 14.4 ஓவரில் 98 எடுத்து வெற்றி.
மூன்றாவது: எதிரணி 20 ஓவரில் 155. இவர்கள் 18.1 ஓவரில் 121-க்கு ஆல் அவுட்.

ஆல் அவுட் ஆன இன்னிங்ஸுக்கு முழு 20 ஓவர்தான் கணக்கு. 14.4 என்பது 14 ஓவர் 4 பந்து, அதாவது 14.667. எடுத்த ரன் 361, ஓவர் 54.667, வகுத்தால் 6.604. கொடுத்த ரன் 370, ஓவர் 60, வகுத்தால் 6.167. நிகர ரன் ரேட் +0.437. எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகமாக இருந்தும் கூட்டல் குறி வருகிறதே என்று சண்டைக்கு வருவார்கள். சேஸிங்கைச் சீக்கிரம் முடித்ததற்குக் கிடைத்த பலன் அது.

14.4-ஐ அப்படியே தசமமாக அடித்தால் +0.469 வரும். எதிரணியின் 118-க்கு 20 ஓவருக்குப் பதில் 16.333 போட்டால் +0.036 ஆகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாக ரேட் எடுத்து மூன்றால் வகுப்பவர்களும் உண்டு, அதில் 0.444 வரும். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று விட முடியாது, மூன்றாம் தசமத்தில் அரையிறுதி கைமாறும்.

முடிவில்லாத ஆட்டம் கணக்கில் வராது. ஆட்டம் டை ஆனால் அணிக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவர் ரன்னும் வராது. இலக்கு திருத்தப்பட்ட ஆட்டத்தில் முதலில் ஆடிய அணிக்குத் திருத்திய இலக்கில் ஒன்று குறைத்த ரன், எதிரணிக்குக் கிடைத்த ஓவர். வாக் ஓவரில் ஐ.சி.சி. (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) வழி கடுமையானது: வராத அணி 20 ஓவர் ஆடி ஒரு ரன்னும் எடுக்காத மாதிரி அதன் கணக்கில் ஏறும், வந்த அணியின் ரேட் மாறாது. நீங்களும் அதையே வையுங்கள். இல்லையென்றால் ரேட் நன்றாக இருக்கும் அணி கடைசி ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிடும்.

பிரிவின் கடைசி இரண்டு லீக் ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். எத்தனை ஓவரில் அடித்தால் போதும் என்று பக்கத்து ஸ்கோரைப் பார்த்து ஆட விடக்கூடாது.

பள்ளத்தூர் நடுவர்:

ஸ்கோர் நோட்டு அண்ணே, நேருக்கு நேரை ரன் ரேட்டுக்கு முன்னால் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஆட்டம் மழையில் போயிருந்தால் என்ன செய்வீர்கள்? மற்றபடி ஒத்துக்கொள்கிறேன்.

மழைக்கு வருவோம். முதலில் நேரக் கணக்கு. 20 ஓவர் இன்னிங்ஸுக்கு 85 நிமிடம் என்று வைத்தால் ஓவருக்கு 4.25 நிமிடம். அதனால் 8.5 நிமிடம் வீணானால் இரு பக்கமும் ஒரு ஓவர் குறையும். லீக்கில் அணிக்கு 5 ஓவர் ஆடியிருந்தால் முடிவு சொல்லலாம். ப்ளே-ஆஃபில் 10 ஓவர் வையுங்கள், டி20 உலகக் கோப்பையின் நாக்-அவுட்டிலும் அதுதான் குறைந்தபட்சம். 10 ஓவர் ஆட்டத்துக்கு இடைவேளையோடு 100 நிமிடம் ஆகும். மாலை 5.30 வரைதான் பந்து கண்ணுக்குத் தெரியும் என்றால் கடைசித் தொடக்க நேரம் 3.50. இந்த நேரத்தை நோட்டீஸிலேயே அச்சடியுங்கள், அன்றைக்கு வானத்தைப் பார்த்துப் பேரம் பேச வேண்டாம்.

ஓவர் குறைந்தால் பந்துவீச்சாளருக்கு ஐந்தில் ஒரு பங்கு. 12 ஓவர் என்றால் இருவர் 3 ஓவர் போடலாம், மற்றவர்கள் 2. பவர்ப்ளே (வட்டத்துக்கு வெளியே இரண்டு ஃபீல்டர் மட்டும் நிற்கும் தொடக்க ஓவர்கள்) 20-க்கு 6, 10-க்கு 3.

இலக்கைத் திருத்துவதுதான் சிக்கல். சராசரி ரன் ரேட்டில் திருத்தினால் இரண்டாவது ஆடும் அணிக்கு லாபம், ஓவர் குறைந்தாலும் பத்து விக்கெட்டும் கையில் இருக்கிறதே. அதிக ரன் வந்த ஓவர்களை மட்டும் எண்ணும் பழைய முறை 1992 உலகக் கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. 13 பந்தில் 22 எடுக்க வேண்டியவர்கள், மழைக்குப் பிறகு ஒரே பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

கணினி இல்லாத கமிட்டிக்கு டக்வொர்த்-லூயிஸ் ஸ்டாண்டர்ட் அட்டவணை போதும். மிச்ச ஓவரையும் கையிலுள்ள விக்கெட்டையும் வைத்து ரன் எடுக்கும் வசதி எவ்வளவு என்று, 50 ஓவர் இன்னிங்ஸை 100 ஆகக் கொண்டு, சதவீதத்தில் சொல்லும் அட்டவணை அது. விக்கெட் விழாத நிலையில் 20 ஓவருக்கு 56.6, 15 ஓவருக்கு 45.2, 10 ஓவருக்கு 32.1, 5 ஓவருக்கு 17.2. முதல் அணி 20 ஓவரில் 140 எடுத்து, இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன்பே மழை பெய்து 10 ஓவர்தான் மிஞ்சுகிறது என்றால் 140-ஐ 32.1-ஆல் பெருக்கி 56.6-ஆல் வகுத்தால் 79.4. இலக்கு 80. ரன் ரேட் முறையில் 71-தான் வரும். 15 ஓவருக்கு 112, 5 ஓவருக்கு 43.

இந்தக் கணக்கு இன்னிங்ஸ் தொடங்கும் முன் ஓவர் போனால் மட்டுமே. நடுவில் மழை வந்தால் விழுந்த விக்கெட்டுக்குத் தகுந்த கட்டத்தைப் பார்க்க வேண்டும், மைதானத்து ஓரத்தில் நின்றுகொண்டு அதைப் போட்டால் தப்பு வரும். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் தாளில் கணக்கு இருந்தும் தென்னாப்பிரிக்கா சமன் ரன்னை வெற்றி ரன் என்று எடுத்துக்கொண்டு வெளியேறியது. அதனால் ப்ளே-ஆஃபில் இலக்கையே திருத்தாதீர்கள். மறு ஞாயிறை மாற்று நாளாக வைத்து, நின்ற பந்திலிருந்து தொடருங்கள். புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. அதே பதினொரு பேர், அதே ஸ்கோர். திங்கட்கிழமையை மாற்று நாளாக வைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது.

மாற்று நாளும் கழுவிப் போனால் அரையிறுதியில் பிரிவின் முதல் அணி மேலே போகட்டும். லீக்கில் முதலில் வந்ததற்கு வேறு எந்தச் சலுகையும் இல்லை. இறுதி என்றால் கூட்டு வெற்றி, முதல் இரண்டு பரிசுத் தொகையையும் கூட்டிப் பாதிப் பாதி.

தார்ப்பாய் மேட் விரிப்பைவிட இரண்டு பக்கமும் ஒரு மீட்டராவது அகலமாக இருக்கட்டும். மேட் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிட்டு மண்ணை நனைய விட்டால், திரும்ப விரிக்கும்போது ஒரு பந்து எழும், அடுத்தது உருளும். பந்துவீச்சாளர் ஓடிவரும் தடத்துக்கு இரண்டு மூட்டை மரத்தூள் வாங்கி வையுங்கள்.

கோட்டையூர் கமிட்டி:

நன்றி சார். மாற்று நாள் யோசனையை எடுத்துக்கொள்கிறோம். வெளியூர் ஆள் விஷயத்தில் ஒரு உறுப்பினர் "சிவகங்கை மாவட்ட ஆதார் இருந்தால் போதும்" என்கிறார். சரியா?

கண்மாய்க்கரை:

அப்படி எழுதினால் ராயவரமும் பொன்னமராவதியும் அன்றைக்கே வெளியே போய்விடும், இரண்டும் புதுக்கோட்டை மாவட்டம். செட்டிநாடு இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடக்கிறது. மாவட்டப் பெயரை விட்டுவிட்டு ஒவ்வொரு அணிக்கும் அதன் ஊர், பஞ்சாயத்துகளைப் பட்டியல் போடுங்கள்.

ஆதாரை மட்டும் பார்த்தாலும் குறை வரும். அழகப்பா பல்கலைக்கழக விடுதி மாணவர், மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவர், இவர்களின் ஆதார் வேறு ஊரில் இருக்கும், ஆள் வருஷம் முழுக்கக் காரைக்குடியில்தான். ஆறு மாதத்துக்கு முன் கொடுத்த அடையாள அட்டை இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம், "பூர்வீக வீடு இங்கேதான்" என்று சென்னையிலிருந்து ஆட்டத்தன்று வருகிறவர் ஆதாரையும் காட்டுவார். அவரைப் பிடிக்க முகவரி உதவாது, லீக் ஆட்டக் கணக்குதான் உதவும்.

விதி இப்படி இருக்கட்டும்: அணிக்கு 18 பேர் பட்டியல், படத்தோடு. முதல் லீக் ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளி மாலையோடு பட்டியல் மூடப்படும். ப்ளே-ஆஃப் ஆட 3 லீக் ஆட்டத்தில் குறைந்தது 2-ல் டாஸ் தாளின் பதினொருவரில் பெயர் இருக்க வேண்டும். டாஸ் போட்ட பிறகு மழையில் நின்ற ஆட்டமும் இதில் சேரும், இதை எழுதாமல் விட்டால் தகராறு. டாஸே போடாமல் ஒரு ஆட்டம் போயிருந்தால் மீதி ஆட்டத்தில் ஒன்று போதும். வெளியூர் ஆள் இருவர் வரை, அவர்களும் அந்த 18-க்குள். சென்னை லீக்கில் முதல் டிவிஷன் ஆடுகிறவர் ஒருவருக்கு மேல் வேண்டாம். காயம்பட்டவருக்கு மாற்று அதே 18-லிருந்து மட்டும்.

மாற்று ஃபீல்டர் பற்றியும் ஒரு வரி. அவர் பந்துவீச முடியாது, கேப்டனாக இருக்க முடியாது. நடுவர் சம்மதித்தால் கீப்பிங் செய்யலாம், 2017 விதித்தொகுப்பிலிருந்து அப்படித்தான். பழைய ஆட்கள் முடியாது என்று சாதிப்பார்கள்.

மூன்றாவது ஸ்லிப்:

ஆட்டம் டை ஆனால் சூப்பர் ஓவர். பவுண்டரி எண்ணிக்கை வேண்டவே வேண்டாம். 2019 உலகக் கோப்பை இறுதியில் பவுண்டரி 26-க்கு 17 என்று முடித்த பிறகு அதே ஆண்டு ஐ.சி.சி.யே அதை எடுத்துவிட்டது. இரண்டாவது ஆடிய அணி சூப்பர் ஓவரில் முதலில் ஆடும். மூன்று பேட்ஸ்மேன், இரண்டு விக்கெட் விழுந்தால் முடிந்தது. மறுபடி டை என்றால் இன்னொரு சூப்பர் ஓவர், முந்தையதில் வீசியவர் வீசக்கூடாது, அவுட் ஆனவர் ஆடக்கூடாது. வெளிச்சம் இல்லையென்றால் லீக்கில் முதலில் வந்த அணி மேலே. 1999 உலகக் கோப்பை அரையிறுதி டை ஆனபோது ஆஸ்திரேலியா மேலே போனது சூப்பர் சிக்ஸ் (அரையிறுதிக்கு முந்தைய ஆறு அணிச் சுற்று) பட்டியலில் மேலே இருந்ததால்தான். இறுதி ஆட்டத்தில் இரண்டுமே பிரிவின் முதல் அணியாக இருக்கலாம், அப்போது கூட்டு வெற்றி என்றே எழுதிவிடுங்கள்.

ஓவர் மெதுவாகப் போனால் ரன் அபராதம் வேண்டாம், வாக்குவாதம்தான் மிஞ்சும். 85 நிமிடம் தாண்டியதும் மிச்ச ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே ஒரு ஃபீல்டரைக் குறையுங்கள். அடித்த பந்து கருவேலத்துக்குள் போய்க் கிடைக்காவிட்டால் அதே அளவு தேய்ந்த பந்து தேவைப்படும், லீக்கில் ஆடிய பழைய பந்து ஐந்தாறைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

ஸ்கோர் நோட்டு:

பள்ளத்தூர் நடுவர் கேட்டதற்கு: அந்த ஆட்டம் மழையில் போயிருந்தால் நேருக்கு நேரைத் தாண்டி ரன் ரேட்டுக்குப் போகலாம் என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

இன்னொன்று, புகார். ஆட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள் கேப்டன் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும். அவுட், நோ-பால் மாதிரி களத் தீர்ப்பின் மேல் புகாரே கிடையாது, வீரர் தகுதி, ஓவர் கணக்கு, ஸ்கோர் மட்டும்தான். புகாரில் சம்பந்தப்பட்ட ஊர்க்காரர் அந்தக் கூட்டத்தில் உட்காரக்கூடாது. இரண்டு ஸ்கோரர்களும் ஓவருக்கு ஓவர் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்ட நோட்டுதான் ஆதாரம், கைப்பேசிச் செயலியில் இருப்பது இல்லை.