பாத எலும்பு முறிந்தபின் மலைச்சரிவில் வாழ்வது: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஆசிரியை, தலவாக்கலை

பாதத்தில் எலும்பு முறிந்தவருக்கு வைத்தியசாலையில் சொல்லப்படும் அறிவுரை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான்: காலை ஊன்றக்கூடாது, உயர்த்தி வைக்க வேண்டும், கட்டை நனைக்கக்கூடாது, குறித்த திகதியில் கிளினிக்குக்கு வர வேண்டும். வாசல்வரை வாகனம் வரும் வீட்டில் இருப்பவர் இதைக் கடைப்பிடிக்கலாம். தார் வீதியில் இறங்கி, மண்ணில் வெட்டிய படிகள் வழியாகப் நீர் பிடிக்கும் பீலியைக் கடந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தொங்கலில், அதாவது கடைசியில், உள்ள வீட்டுக்குப் போக வேண்டியவர் எப்படிக் கடைப்பிடிப்பார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நாமாகச் சொல்வதும் இல்லை. நம் பகுதியில் கால் முறிந்து தேறியவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை இங்கே எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும். என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பாடசாலையிலிருந்து இறங்கும்போது பாதம் உட்புறமாக மடங்கி, சின்ன விரலுக்குப் பின்னே வெளிவிளிம்பில் ஓடும் நீண்ட எலும்பு முறிந்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய வைத்தியர் சொன்ன விளக்கமே பின்னர் எனக்கு மிகவும் பயன்பட்டது. அந்த எலும்பின் அடிக்குமிழில் மட்டும் ஒரு துண்டு பிய்ந்திருந்தால், பெரும்பாலும் வளையாத அடியுள்ள காலணியோடு, வலி தாங்கும் அளவுக்கு நடந்துகொண்டே குணமாகலாம். என் படத்தில் முறிவுக்கோடு குமிழிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை சென்ரிமீற்றர் முன்னே தள்ளியிருந்தது. அந்த இடத்துக்கு இரத்தம் குறைவாகவே வந்து சேர்வதால் அங்கே ஏற்படும் முறிவு ஆறு முதல் எட்டு வாரம்வரை, சிலருக்கு அதற்கு மேலும், காலை ஊன்றாமல் காத்திருக்க வைக்கும். அப்படியும் பொருந்தாவிட்டால் திருகாணி வைத்துச் சத்திரசிகிச்சை செய்வார்கள். ரொபர்ட் ஜோன்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நடனமாடும்போது தன் பாதத்தையே இவ்வாறு முறித்துக்கொண்டு, தன்னுடையதையும் வேறு சிலருடையதையும் சேர்த்து 1902 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இன்றும் இம்முறிவுக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. நடனமாடி முறித்துக்கொண்டவரின் பெயர் மழையில் வழுக்கி விழுந்த நமக்கும் ஒட்டிக்கொள்வதைப் படுக்கையில் இருந்தபடி நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

கட்டுப் போட்டு அனுப்பிய அன்று முச்சக்கர வண்டி வீதியோரத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் என்னை உட்காரவைத்து, பக்கத்து வீட்டு இளைஞர்கள் இருவர் முன்னும் இருவர் பின்னுமாகத் தூக்கி இறக்கினார்கள். முன்பு நோயாளிகளைக் கம்பளியில் கட்டித் தூக்கிச் சென்றதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்; முறிந்த காலுக்குக் கதிரையே மேல், ஏனெனில் காலை நேராக நீட்டி ஒருவர் தாங்கிப் பிடிக்கலாம். அதன்பின் நான் அநாவசியமாக ஏறி இறங்கவில்லை. கிளினிக் நாள், மருந்து, சம்பளப் படிவம் எல்லாவற்றையும் இயன்றவரை ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் இன்னொரு விழுகைக்கு இடம் கொடுப்பதுதான்.

ஊன்றுகோல் பழகுவதற்கு வைத்தியசாலையின் வழவழப்பான நடைபாதை போதாது. படியில் ஏறும்போது முதலில் நல்ல கால், பின்னர் முறிந்த காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது முதலில் ஊன்றுகோலும் முறிந்த காலும், அதன்பின் நல்ல கால். இதை வீட்டின் இஸ்தோப்புப் (முன் திண்ணைப்) படியில், அருகில் ஒருவரை வைத்துக்கொண்டு பழக வேண்டும். அக்குளுக்கும் கோலின் மேல் முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும், பாரம் கைப்பிடியில்தான் விழ வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். மழையில் ஊறிய மண்படியில் ஊன்றுகோல் எந்த முறையிலும் பாதுகாப்பானதன்று என்பதே என் கருத்து. அத்தகைய படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக நகர்ந்து இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லயத்தில் கழிப்பறை தனியே தள்ளி இருப்பது இன்னொரு சிக்கல். இரவில் அந்த இருட்டுப் பாதையைத் தவிர்ப்பதற்காகக் காம்பராவுக்குள்ளேயே ஒரு மூடிய வாளி வைத்துக்கொள்ளும்படி அம்மா சொன்னார். முதல் வாரங்களில் அதைவிட நல்ல யோசனை வேறு கிடைக்கவில்லை. குளிருக்காக விரல்களின் மேல் காலுறை மாட்டுவதும் வழக்கம், ஆனால் அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும். விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ போனாலும், அசைக்க முடியாத அளவுக்கு இறுக்கமும் வலியும் கூடினாலும் கட்டுக்குள்ளே வீக்கம் நெரிக்கிறது என்று பொருள். விடியும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அதுவும் அவ்வாறே, ஏனெனில் அசையாமல் இருக்கும் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். அடுப்பருகே கட்டோடு காலை நீட்டிக் குளிர் காய்வதைத் தவிர்க்க வேண்டும்.

—

தொழிலாளி ஒருவரின் மகன், மஸ்கெலியா

ஆசிரியை அவர்கள் எழுதிய அந்த அடிக்குமிழ் முறிவுதான் என் அம்மாவுக்கு ஏற்பட்டது. கொழுந்துக் கூடையோடு நிரையில் நகரும்போது கால் வடிகானுக்குள் இறங்கி மடங்கியது. முதலில் காட்டிய இடத்தில், நடந்தே வந்துவிட்டார் என்பதற்காகச் சுளுக்கு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடியாததால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முறிவு தெரிந்தது. நடக்க முடிகிறது என்பதால் எலும்பு முறியவில்லை என்று சொல்ல முடியாது என்பதை எல்லாரும் அறிய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1992 இல் வகுக்கப்பட்ட எளிய விதி ஒன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது: நடுப்பாதத்தில் வலி இருந்து, அதோடு வெளிவிளிம்பின் நடுவே துருத்தி நிற்கும் எலும்பையோ, உள்வளைவின் மேற்பகுதியில் உள்ள எலும்பையோ அழுத்தும்போது வலித்தால், அல்லது நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது விரலால் அழுத்திப் பார்க்கிற சோதனைதான். எந்தத் தோட்ட மருந்தகத்திலும் செய்யக்கூடியது.

அம்மா சில வாரங்களில் மெதுவாக நடக்கத் தொடங்கியது எங்கள் லயத்தில் வேறொரு தொல்லையை உண்டாக்கியது. கீழ் லயத்தில் ஒரு மாமாவுக்கும் பாதத்தில்தான் முறிவு, ஆனால் அது ஆசிரியைக்கு ஏற்பட்ட வகை. “மேல் வீட்டு அக்கா நடக்கிறார், நீங்கள் மட்டும் ஏன் படுத்தே இருக்கிறீர்கள்?” என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்டுக் கேட்டு, அவர் கட்டோடு ஊன்றி நடந்து, முறிவு இணையாமல் கண்டிக்கு அனுப்பப்பட்டார். ஒரே பாதத்தில், ஒரே எலும்பில், சிறிது தூரம் தள்ளி முறிந்தாலே சிகிச்சை மாறுகிறது என்பதை அவர்களுக்கு விளக்குவது எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. படத்தில் முறிந்த இடத்தை வைத்தியரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பாரம்பரிய முறையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் முறிவு தறிவு வைத்தியரிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் சிங்கள, தமிழ் வைத்தியர்கள் இருவகையினரும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் மக்களுக்கு மதிப்பும் உண்டு. எக்ஸ்ரே எடுத்து, எலும்பு இடம் விலகவில்லை, தோல் கிழியவில்லை என்று உறுதிசெய்யுமுன் எவரும் காலை இழுத்து உருவ இடம் கொடுக்கக்கூடாது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். ஆட்டுக்கால் சூப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எலும்பிலிருந்து சூப்பில் இறங்கும் கல்சியம் சொற்பமே. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பால், கீரை ஆகியவை அதைவிட மலிவும் பயனும் உள்ளவை. புகைப்பவர்களுக்கு எலும்பு இணையத் தாமதமாகும் என்பது உறுதியாகத் தெரிந்த விடயம்.

வேலை நேரத்தில் ஏற்பட்ட காயம் என்றால் அன்றே வேலையை மேற்பார்வை செய்யும் கணக்கப்பிள்ளையிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் உரியது. முறையாகப் பதியப்படாத காயத்தை, வீட்டில் விழுந்தது என்று பின்னர் சொல்லிவிடுவது எளிது. அம்மாவுக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது: கொழுந்து மலைக்கு எப்போது திரும்பலாம்?

—

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பண்டாரவளை

இங்கே எல்லாரும் வலியைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு வலியே இருக்கவில்லை. நீண்ட காலமாக நீரிழிவு உள்ளவன் நான். ஒரு பாதம் சிவந்து, வீங்கி, மற்றதைவிடத் தொடுவதற்குச் சூடாக இருந்தது. விழுந்ததாகவோ மடங்கியதாகவோ நினைவு இல்லை. கிருமித் தொற்று என்று மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதை உட்கொண்டபடியே நான் வழக்கம்போலச் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பதுளை வைத்தியசாலையில் பார்த்தபோதுதான், நரம்பு மரத்த பாதத்தில் உள்ளே எலும்புகள் நொறுங்கி இடம்மாறத் தொடங்கியிருப்பது தெரிந்தது. இதைச் சார்கோ பாதம் என்கிறார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கக்கூடும் என்று விளக்கினார்கள்.

இதற்குச் சிகிச்சை வாரக் கணக்கில் அன்று, மாதக் கணக்கில். பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் கட்டைப் போட்டு, அதை மாற்றி மாற்றி, இரு பாதங்களின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வலி இல்லாததால் ஊன்றாமல் இருப்பதே கடினம். வலி இருப்பவரை வலியே தடுத்து நிறுத்தும், எங்களைத் தடுக்க எதுவும் இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் கட்டின் விளிம்பு உராயும் இடத்தை வீட்டில் வேறொருவரைக் கொண்டு நாள்தோறும் பார்க்கச் செய்ய வேண்டும், ஏனெனில் புண் வந்தாலும் நமக்குத் தெரியாது. ஒரு பாதம் மட்டும் காரணமின்றிச் சூடாகி வீங்கினால், நீரிழிவு இருப்பதைச் சொல்லி, இது எலும்பாக இருக்குமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள்.

—

லொறிச் சாரதி, ஹட்டன்

என்னுடையது குதிகால். ஏற்றிய விறகின் மேலிருந்து வீதியில் குதித்தேன். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் முறிந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்குமாம். அதனால் முதுகையும் படம் எடுத்தார்கள். எனக்கு அது இல்லை. சத்திரசிகிச்சைக்கு உடனே எடுக்கவில்லை என்று வீட்டார் கோபப்பட்டார்கள். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுமுன் வெட்டினால் காயம் ஆறாது என்று பின்னர் விளங்கியது.

இணைந்தபின் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குதிகால் எலும்புக்கு மேலே உள்ள மூட்டுத்தான் பாதத்தை இடமும் வலமும் சரிக்க உதவுகிறது. அது இறுகிவிட்டது. தட்டையான வீதியில் என்னைப் பார்ப்பவர் கால் முறிந்தவன் என்று சொல்ல மாட்டார். தேயிலை மலையைக் குறுக்காகக் கடக்கும் ஒற்றையடிப் பாதையில், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நடக்கும்போதுதான் குறை வெளிப்படுகிறது. ஏறுவதோ இறங்குவதோ அவ்வளவு தொல்லை இல்லை. குறுக்கு வழியை விட்டு வீதியைச் சுற்றிப் போகிறேன். தூரம் கூடினாலும் அதுவே வசதி.

—

ஆசிரியை, தலவாக்கலை

கட்டு அவிழ்த்தபின் நடந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். கட்டு அவிழ்ந்தால் எல்லாம் முடிந்தது என்று நானும் வீட்டாரும் நினைத்துக்கொண்டிருந்தோம், ஆனால் அதன்பிறகுதான் வேலையே தொடங்கியது. கெண்டைக்கால் மெலிந்து, கணுக்கால் இறுகி, தோல் செதிலாக உரிந்தது. எலும்பு முறிந்த முதல் சில வாரங்களில் உருவாவது மென்மையான இணைப்புத்தான். அது கெட்டியாகி, பின்னர் பழைய வடிவத்துக்கு ஒழுங்காகப் பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மாலையில் பாதம் வீங்குவது மாதக்கணக்கில் நீடிக்கலாம். இரவு உயர்த்தி வைத்தால் காலையில் வடிந்துவிடும் வீக்கத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தொட்டாலே எரியும் வலி, தோலின் நிற மாற்றம், வியர்வை, குறையாமல் கூடிக்கொண்டே போகும் வேதனை ஆகியவை வேறு, அவற்றைக் கிளினிக்கில் உடனே சொல்ல வேண்டும். இயன்மருத்துவர் கொடுத்த பயிற்சிகளில், தரையில் விரித்த துவாயை விரல்களால் சுருட்டி இழுப்பதும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும் எனக்கு நல்ல பலன் தந்தன. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் விடியற்காலையில் செய்தால் கால் ஒத்துழைக்காது, மதிய வெயிலில் செய்யலாம்.

மஸ்கெலியாத் தம்பி அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு என்னால் திகதி சொல்ல முடியாது, அதை வைத்தியர்தான் படத்தையும் பாதத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் கொழுந்து பறிப்பது எத்தகைய வேலை என்பதை அவருக்கு நீங்கள் விவரிக்க வேண்டும், தம்பி. “அம்மா வேலைக்குப் போகலாமா?” என்று கேட்டால் அவர் மனத்தில் எழும் படம் வேறாக இருக்கலாம். சரிவில், ஈர மண்ணில், நனைந்த கொழுந்தின் பாரத்தோடு, பாதத்தின் வெளிவிளிம்பில் சாய்ந்து நிற்கும் வேலை என்று சொல்லுங்கள். வெறுமனே இலேசான வேலை என்று எழுதிய கடிதத்துக்குத் தோட்டத்தில் ஆளுக்கொரு பொருள் கொள்வார்கள். எத்தனை வாரத்துக்குச் சரிவில் நிற்கக்கூடாது, எவ்வளவு பாரம் தூக்கக்கூடாது, வளையாத அடியுள்ள காலணி தேவையா என்பவற்றைத் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். அதன் பிரதியொன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றதைக் காரியாலயத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிவிடுங்கள்.