சங்கி, உபி, தும்பி, துரோகி: உங்களுக்குக் கிடைத்த பட்டம் எது?

வேளச்சேரிவாசி:
2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்த பிறகும் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. போனில் மிச்சமிருந்த சார்ஜில், "மழைநீர் வடிகாலுக்கு ஒதுக்கிய பணம் எங்கே போச்சு?" என்று எழுதினேன். முதல் பதிலே "வந்துட்டான்யா சங்கி". நான் பாஜக ஆளாம். தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் என்ன சாதி, யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்றுதான் ராத்திரி முழுக்கத் துருவினார்கள்.

அடுத்த வருடம் அம்மாவின் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பித்தபோது பிரீமியத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வைத்தியச் செலவுக்குப் பயந்து கட்டுகிற பணத்துக்கும் வரியா என்று கேட்டேன். "இந்தப் பதிவுக்கு 200 ரூபாய் வந்துடுச்சா உபி?" என்று ஆரம்பித்தார்கள். இப்போது நான் திமுக ஆளாம். 2025 செப்டம்பரில் தனிநபர் காப்பீட்டுக்கு அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு என்னைத் திட்டிய ஒருவர் அந்த அறிவிப்பைப் பெருமையாகப் பகிர்ந்திருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

நெல்லை டீச்சர்:
பெண்கள் என்றால் பட்டத்தோடு விடுவதில்லை சார். நீட் பயிற்சிக்குக் கட்ட எங்கள் பிள்ளைகளின் வீட்டில் பணம் ஏது என்று எழுதினேன், "ஆன்டி இந்தியன்" ஆனேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் எடப்பாடி ஆட்சியில் வந்தது என்று எழுதினேன், "அடிமை" ஆனேன். அப்புறம் என் படத்தை எடுத்து, வாயில் சொல்ல முடியாத வார்த்தைகளைப் போட்டுப் பரப்பினார்கள். எந்தப் பள்ளி என்று விசாரித்தார்கள். இப்போது படம் இல்லாமல்தான் எழுதுகிறேன். எழுதுவதை மட்டும் விடவில்லை.

முரசொலி வீட்டுப் பிள்ளை:
அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் திமுக கிளைச் செயலாளராக இருந்தவர். "உடன்பிறப்பே" என்று கலைஞர் எழுதிய கடிதங்களை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவருக்கு யாரும் காசு தரவில்லை, கைக்காசுதான் கரைந்தது. அந்த அழைப்பைச் சுருக்கி, கூலிக்கு எழுதுகிறவன் என்று பொருள் வைத்துவிட்டார்கள். என்னை உபி என்றால் அப்பாவைச் சொன்ன மாதிரியே வலிக்கிறது.

ஆனால் எங்கள் பையன்களும் நாம் தமிழர் தம்பிகளைத் "தும்பி" என்கிறார்கள். "தம்பி" என்று அழைத்துத்தானே அண்ணா தன் கடிதங்களை எழுதினார்? கேட்டால், "அவங்க மட்டும் யோக்கியமா அண்ணே?" என்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

யாழ் மகள், ஸ்காபரோ:
தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் என்னைத் "துரோகி" என்று எழுதினார். புலிகள் செய்த கொலைகளையும் பேச வேணும் என்று சொன்னதுதான் காரணம். எங்களுக்கு அது வெறும் வசவு இல்லை. யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பாவை மேடைக்கு மேடை துரோகி என்றார்கள். 1975 ஜூலை 27 அன்று பொன்னாலைப் பெருமாள் கோயிலடியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரை எதிர்த்து நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்துக்கும் பிறகு அதே பட்டம் வந்தது. 1989 ஜூலையில் கொழும்பில் அவரையும் சுட்டார்கள். அதே வருசம் செப்டம்பரில் யாழ். மருத்துவ பீடத்து ராஜினி திராணகம சைக்கிளில் வீடு திரும்பும்போது கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் அட்டூழியத்தையும் எழுதிவைத்தவர் அவர்.

அந்தத் தம்பிக்கு இருபது வயது இருக்கும். போனில் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் எழும்பிப் போய் வாசல் கதவு பூட்டியிருக்கோ என்று பார்த்தேன்.

வேளச்சேரிவாசி:
அக்கா, எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம், கவுன்சிலரைக் கேள்வி கேட்ட ஒருவரை இன்னொருவர் "துரோகி, சங்கி" என்று எழுதியிருந்தார். நீங்கள் எழுதியதை அவருக்கு அனுப்பினேன். துரோகியை எடுத்துவிட்டார். சங்கி அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன்.