ஏற்காட்டுல ரெண்டு நாள் சும்மா இருக்கணும், இடம் சொல்லுங்க

சேலம் மக்களே, ஒரு உதவி. செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறை கணக்கு பாக்குறேன், பண்டிகை ஆர்டர் ஆரம்பிச்சதுல இருந்து லீவே இல்ல, ராத்திரி கனவுல கூட கிராம் கணக்குதான் ஓடுது, போன வாரம் பொண்ணு ஒரு பென்சில் கேட்டதுக்கு கத்திட்டேன், அவ அழுதத பாத்தப்பறம்தான் இது சரியில்லன்னு உறைச்சுது. டாக்டரும் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு, தூங்குங்கன்னுட்டாரு. ஓனர்கிட்ட பேசி புதன், வியாழன் லீவு வாங்கிட்டேன் (அவரு மூஞ்சிய பாக்கணுமே!).

முப்பது கிலோமீட்டர்ல ஏற்காடு இருக்கு, ஆனா நாங்க போனாலே படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட்னு ஓடி ஓடி பாத்துட்டு போனதவிட அலுத்துப்போய்தான் இறங்குவோம். இந்த தடவ ஒண்ணும் பாக்க வேணாம். ஏரிப்பக்கம் சத்தம் இல்லாம காபி தோட்டத்துக்குள்ள சின்னதா வீட்டுச் சாப்பாடோட தங்குற இடம் தெரியுமா? டவர் கிடைக்கலன்னா இன்னும் நல்லது. பட்ஜெட் ரெண்டு நாளைக்கு நாலாயிரம், நாங்க மூணு பேரு. பொண்ணுக்கு இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறுனா வாந்தி வரும், குப்பனூர் ரோட்டுல போனா தேவலையா? பஸ்ல போனவங்க சொல்லுங்கப்பா.