நம்ம சந்திக்கு மேம்பாலமா, சுற்றுவட்டமா?

குழு: சந்தி வீட்டுச் சொந்தங்கள்

சிவா மாமா: இன்று பின்னேரமும் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிளும் கன்டர் லொறியும் முட்டப் பார்த்தன. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். இந்தச் சந்தியை உடைத்துக் கட்டாமல் சரிவராது. மேம்பாலம் கேட்டு எழுதுவோமா?

பெரியம்மா: எழுதுங்கோ. மஞ்சள் கடவையில் காலை வைத்தாலும் ஒருவரும் நிற்பாட்டுவதில்லை. பேரனையும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்து நிற்பது?

கஜன்: முன்பு மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பக்கத்தை மறித்துத்தான் மறுபக்கத்தை விடுவார்கள். 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள், வீதிக்குக் காபட் தாரும் போட்டாயிற்று. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரைக்கும் ஒரே ஓட்டம். சந்தி மட்டும் அப்படியே கிடக்கிறது.

நிரோஷ் (கல்கரி): மாமா, மேம்பாலம் பெரிய அதிவேக வீதிகளுக்குச் சரி. நமக்கு அது வேண்டாம். ஊரை இரண்டாகப் பிரித்துவிடும், கடைகள் நிழலில் போய்விடும். ஆனால் அந்தப் பெரிய சந்திகளில் செய்கிற வேலையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இங்கே 2017இல் ஒரு புது மாதிரி மேம்பாலச் சந்தி திறந்தார்கள், கனடாவில் அதுதான் முதலாவது. பாலத்தை நெருங்கும்போது இரண்டு திசை வாகனங்களும் சிக்னலில் பக்கம் மாறிப் போகும். அதனால் நெடுஞ்சாலைக்குத் திரும்புகிறவர் எதிரே வருகிறவரை வெட்டவே தேவையில்லை. அந்த வெட்டுத்தான் ஆளைக் கொல்வது.

சுதா: நம்ம சந்தியில் அது எங்கே நடக்கிறது?

நிரோஷ்: வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் நெல் லொறி கல்முனைப் பக்கம் வலதுபுறம் திரும்பும்போது. கல்முனையிலிருந்து வருகிறதை வெட்ட வேண்டும், அதே மூச்சில் மட்டக்களப்பிலிருந்து வருகிறதோடு சேர வேண்டும். நம்முடையது போன்ற மூன்று வழிச் சந்தியில் வாகனங்கள் முட்டக்கூடிய இடங்கள் 9. அதில் குறுக்கே வெட்டுவது 3. நடுவில் வட்டத் திட்டு வைத்து எல்லாரும் அதை ஒரே திசையில் சுற்றிப் போகிற சுற்றுவட்டம் போட்டால் மொத்தம் 6 ஆகும், குறுக்கு வெட்டு ஒன்றும் மிஞ்சாது. எல்லாரும் இடதுபக்கம் நுழைந்து இடதுபக்கம் வெளியேறுவார்கள்.

சிவா மாமா: அதற்கு இடம் எங்கே தம்பி? என் கடை முகப்பும் போகும், பக்கத்துக் கடைகளும் போகும்.

நிரோஷ்: நீண்ட பஸ் திரும்ப ஏறக்குறைய 30 மீட்டர் விட்டம் வேண்டும் மாமா. கொஞ்ச முகப்புப் போகத்தான் செய்யும். நடுத்திட்டைச் சுற்றித் தாழ்வான கல் விளிம்பு வைத்தால் லொறியின் பின்சில்லு அதில் ஏறிப் போகும், வட்டத்தைச் சிறிதாக்கலாம்.

பெரியம்மா: நடந்து போகிற எங்களுக்கு?

நிரோஷ்: வட்டத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வீதி வாயிலிலும் நடுவில் ஒரு திட்டு வரும் பெரியம்மா. ஒரு பக்கம் பார்த்துக் கடந்து அதில் நிற்கலாம், பிறகு மற்றப் பக்கம். வட்டத்துக்குள் வேகமும் குறையும். வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆனால், நடந்து போகையில் காரில் அடிபடுகிறவர் இறக்கும் ஆபத்து 4.5 மடங்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கஜன்: பஸ் தரிப்பிடத்தையும் சந்தி வாயிலிலிருந்து தள்ள வேண்டும். பஸ் நிற்கிற மறைவில்தான் ஆட்கள் ஓடுகிறார்கள். வடிகானையும் விடக்கூடாது. மார்கழி மழைக்கு வெள்ளம் நிற்கிற இடத்தில் வட்டம் கட்டி என்ன பயன்?

சுதா: இது ஏ4 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத்தான் எழுத வேண்டும். பிரதேச சபைக்குப் பிரதி போடுவோம். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வேலை தொடங்கக் கேட்கிறேன். பெரும்போக நெல் ஏற்றி முடிந்திருக்கும், மழைக்கும் நாள் இருக்கும்.

சிவா மாமா: சரி, கடைக்காரர்களோடு நான் பேசுகிறேன். என் முகப்பை முதலில் நானே விடுகிறேன் என்று சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

நிரோஷ்: நன்றி மாமா. கஜன், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும், பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் வாகனங்களை எண்ணித் தா. வலப்பக்கம் திரும்புகிறதைத் தனியாக எழுது, லொறி, ட்ரக்டர், ஓட்டோ எல்லாவற்றையும் வேறுவேறாகப் போடு.

கஜன்: திங்கட்கிழமை தொடங்குகிறேன்.