வினிகர் சேர்த்த பழச் சர்பத்து: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பனிக்கூடல், டொராண்டோ

போன ஜூலையில் பண்ணைக்குப் போய் நாங்களே பறித்து வந்த ராஸ்பெர்ரியில் ஷ்ரப் என்ற வினிகர்ப் பழப்பாகு போட்டேன். செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான்: பழமும் சர்க்கரையும் சம எடை, ஓரிரவு ஊறல், வடித்த சாற்றில் ஆப்பிள் வினிகர். சூடேறினால் பழத்தின் மணம் போய்விடும் என்பதால் காய்ச்சவில்லை. மூன்று வாரம் கழித்துப் போத்தலைத் திறந்தபோது செக்கச்சிவந்த பாகின்மேல் கறுப்புத் துகள்கள் மிதந்தன. மூடியின் உட்பூச்சு உரிந்து தகரம் துருவேறியிருந்தது. ஒரு வாய்கூடச் சுவைக்காமல் முழுவதையும் கொட்டினேன். ஆங்கிலேயர் கண்டுபிடித்த பானத்துக்கு அவர்கள் காலத்துத் தக்கைதான் சரி போலும்.

கீரைப்பாத்தி

எங்கள் பக்கத்து வீட்டு ஈரானிய அம்மையார், நவ்ரோஸ் என்ற பாரசீகப் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள் பூங்காவுக்குப் புறப்படுமுன் செகஞ்சபீன் என்ற வினிகர்ப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். சர்க்கரைப் பாகில் வினிகரை ஊற்றியதும் எழுந்த நெடியில் நான் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினேன். அடுப்பை அணைத்து, ஒரு கட்டுப் புதினாவை அதில் அமிழ்த்தி ஆறவிட்டார். குடிக்கத் தருவார் என்று கோப்பையை நீட்டினால், என் கையில் ஒரு லெட்டூஸ் இலையைக் கொடுத்து, பாகில் தோய்த்துத் தின்னச் சொன்னார். அந்த முதல் கடியின் குளிர்ச்சிக்காகவே இப்போது ஆண்டுதோறும் காய்ச்சுகிறேன். அவருடைய பதம் மட்டும் வரவில்லை.

நாவல்மரத்தடி, மதுரை

முதல் பதிவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஷ்ரப் என்ற பெயரே குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. நம்முடைய சர்பத்தும் அதே வேரில் பிறந்ததுதான். ஆங்கிலேயர் ஷ்ரப் என்றது பெரும்பாலும் ரம்மும் எலுமிச்சை வகைச் சாறும் கலந்த மதுவை. பழமும் வினிகரும் சேர்ந்த பாகு அந்தப் பெயரில் வேரூன்றியது அமெரிக்காவில். செகஞ்சபீனோ, சிர்கே என்ற வினிகரும் அங்கபீன் என்ற தேனும் சேர்ந்த பாரசீகப் பெயர். தேனும் வினிகரும் கலந்த ஆக்சிமெல்லைப் பண்டைய கிரேக்க வைத்தியர்களே கொடுத்திருக்கிறார்கள்.

என் கதை சிறியது. நாவற்பழத்தில் கடை வெள்ளை வினிகரை ஊற்றிச் செய்தேன். மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகுதான் புட்டியைத் திருப்பி, அசிட்டிக் அமிலத்தில் செய்த செயற்கை வினிகர் என்று அச்சிட்டிருந்ததைப் படித்தேன். ஆகவே புளிக்கவைத்து எடுத்த வினிகரையே வாங்குங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும், கண்ணாடியில் ஊறவையுங்கள். தகர மூடியானால் இடையில் மெழுகுத்தாளை வைத்து மூடுங்கள். ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த நீர் போதும். குடித்தவுடன் பல் துலக்காமல் வாயை மட்டும் கொப்பளியுங்கள்.

பனிக்கூடல், டொராண்டோ

ஐயா, நானும் கண்ணாடிப் போத்தலில்தான் ஊறவைத்தேன். உங்கள் மாமனார் பிறகு குடித்தாரா, அதைச் சொல்லுங்கள்.